மருந்து ஆய்வுக்கும் ஒரு வயல்விழா வைங்க



புது விதை ரகம் வந்தா அதை ஊர்ல எப்படிச் சோதிச்சுப் பார்ப்பாங்கன்னு டவுன்ல இருக்கற உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்காது. அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

வேளாண் அறிவியல் நிலையத்துல இருந்தோ, வேளாண் துறையில இருந்தோ வருவாங்க. ஒத்துக்கற விவசாயியோட நிலத்துல ஒரு பாகத்துல புது ரகம் போடுவாங்க. பக்கத்துலயே நாம வழக்கமா போடற ரகம். ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே உரம், ஒரே நாள் விதைப்பு. கடைசியில ரெண்டையும் தனித்தனியா அறுத்து எடை போடணும். அதுலயும் ஓரத்து வரிசையை விட்டுட்டு நடுவுல இருக்கறதைத்தான் எடை போடுவாங்க. ஓரத்துச் செடிக்கு வெயிலும் காத்தும் கூடுதலாக் கிடைக்கும். அதை வச்சுக் கணக்குப் போட்டா ஏமாந்துடுவோம்.

அறுவடை நெருங்கறப்ப வயல்விழா நடக்கும். சின்னதா ஒரு பந்தல், நாற்காலி, டீ, மிக்சர். சுத்துப்பட்டு விவசாயிகள் வரப்புல நின்னு பார்ப்பாங்க. "கதிர் பெருசா இருக்குதுங்க, ஆனா காத்துக்குச் சாயுதே", "மருந்துக்கு மட்டும் எவ்வளவுங்க செலவாச்சு?"ன்னு கேள்வி மேல கேள்வி வரும். புது ரகம் நல்லா வந்தாலும் தெரியும், சொதப்பினாலும் தெரியும். எதையும் மறைக்க முடியாது. எல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது.

இன்னைக்குப் பேசப்போறது விதையைப் பத்தி இல்லைங்க. மருந்தைப் பத்தி. ஊர்லயே, ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் வீட்டுத் திண்ணையிலயும் வச்சு நடத்தற மருத்துவ ஆய்வுகளைப் பத்தி.

ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, தாய் பிள்ளை சம்பந்தம். இன்னைக்கு மருந்து ஆய்வுல "சீட்டுப் போட்டுப் பிரிக்கறது"ன்னு ஒரு முறை இருக்கே, அதோட வேர் வயல்ல இருக்கு. இங்கிலாந்துல ரோத்தம்ஸ்டெட்னு ஒரு பழைய விவசாய ஆராய்ச்சி நிலையம். அங்க 1919ல வேலைக்குச் சேர்ந்தவர் ரொனால்ட் ஃபிஷர்ங்கற கணித அறிஞர். எந்த உரம் நல்லதுன்னு கண்டுபிடிக்கறதுல ஒரு சிக்கல். ஒரே நிலத்துலயே ஒரு மூலை செழிப்பா இருக்கும், ஒரு மூலை மொட்டையா இருக்கும். கிணத்தோரமா இருக்கற பாத்திக்கு ஒரு உரம், மேட்டுப் பாத்திக்கு இன்னொரு உரம்னு போட்டுட்டு, வெளைஞ்சது உரத்தாலயா மண்ணாலயான்னு எப்படிச் சொல்றது? எந்தப் பாத்திக்கு எதுங்கறதை மனுசன் தீர்மானிக்கக் கூடாது, சீட்டுக் குலுக்கிப் போடணும்னு சொன்னார் ஃபிஷர். 1935ல இதைப் பத்தித் தனிப் புத்தகமே எழுதினார்.

மருத்துவத்துல இதே முறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஆய்வு 1948ல வெளியாச்சு. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வேலை செய்யுதான்னு பிரிட்டன்ல பார்த்தாங்க. மருந்து எல்லாருக்கும் பத்தற அளவுக்கு அங்க இல்லை. அதனால 107 நோயாளிகளைச் சீட்டு முறையில ரெண்டாப் பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு அப்ப வழக்கத்துல இருந்த படுக்கை ஓய்வு. டாக்டர் தனக்குத் தெரிஞ்சவருக்கு ஊசியைக் கொடுத்துட்டார்ங்கற பேச்சுக்கு இடமே இல்லை. வயலுக்குச் சொன்னது மனுசனுக்கும் பொருந்துச்சு.

அடுத்த பெரிய படி நம்ம ஊர்ல நடந்துச்சு. அந்தக் காலத்துல காசநோய்னா சானடோரியம்தான். எங்க பக்கத்துப் பெரியவங்களுக்குப் பெருந்துறை, மெட்ராஸ்காரங்களுக்குத் தாம்பரம். மாசக்கணக்குல படுக்கணும், நல்ல காத்து, நல்ல சாப்பாடு வேணும்னு சொல்லுவாங்க. நோயாளிங்க எத்தனை லட்சம், கட்டில் எத்தனை ஆயிரம்? 1956ல மெட்ராஸ்ல ஒரு மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து செஞ்சது. வாலஸ் ஃபாக்ஸ்ங்கற டாக்டர் முன்ன நின்னார். மெட்ராஸ்ல நெருக்கடியான வீடுகள்ல இருந்த ஏழை நோயாளிகளை ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதி சானடோரியத்துல, நல்ல சாப்பாட்டோட. இன்னொரு பாதி அவங்க வீட்டுலயே, இருக்கற கஞ்சியைக் குடிச்சுக்கிட்டு. ரெண்டு பேருக்கும் அதே மருந்து, ஒரு வருசம்.

1959ல முடிவு வந்துச்சு. வீட்டுல இருந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாச்சு. நோயாளியை வீட்டுல வச்சதால குடும்பத்துல மத்தவங்களுக்குக் கூடுதலா தொத்திக்கவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மூடினதுக்கு இது ஒரு பெரிய காரணம். யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குள்ள மட்டும் ஆராய்ச்சி நடந்திருந்தா இந்தக் கேள்விக்குப் பதிலே வந்திருக்காது. வீடுதான் கேள்வி. அதனால வீட்டுக்குத்தான் போகணும்.

இதனாலதான் ஊர்ல நடக்கற ஆய்வுகளுக்கு நான் ஆதரவு. பெரிய ஆஸ்பத்திரியில நடக்கற ஆய்வுக்கு யார் போவாங்க? பஸ்ஸுக்குக் காசு இருக்கறவங்க, ஒரு நாள் கூலி போனாலும் தாங்கறவங்க, கூட வர ஆள் இருக்கறவங்க. எங்க ஊர்ல ஒரு அறுபது வயசு அம்மா காலையில ஆறு மணிக்கு வெறும் வயித்தோட வெங்காயம் பறிக்கப் போயிடுவாங்க. பதினோரு மணிக்குத்தான் கூழ். மாத்திரைச் சீட்டுல "காலை உணவுக்குப் பின்"னு போட்டிருந்தா, அவங்களுக்கு அது பதினோரு மணி. சிறுநீரைக் கூட்டற பி.பி. மாத்திரையைப் போட்டுட்டு சித்திரை வெயில்ல நின்னா என்ன ஆகும்? ஏ.சி. ரூம்ல சோதிச்ச மாத்திரைக்கு அது தெரியாது. மேட்டு நிலத்துக்கு ஏத்த ரகத்தை மேட்டு நிலத்துலதான் போட்டுப் பார்க்கணும்.

ஆனா ஊர்ல ஆய்வு நடத்தறது லேசுப்பட்ட காரியம் இல்லைங்க. பகல் பத்து மணிக்கு வந்தா வீட்டுல ஆள் இருக்காது. காட்டுலயோ நூறு நாள் வேலையிலயோ இருப்பாங்க. நோம்பி சாட்டிட்டா பதினஞ்சு நாளைக்கு யாரும் ரத்தம் கொடுக்க மாட்டாங்க. மழை பொய்ச்சா பாதிக் குடும்பம் திருப்பூருக்குப் போயிடும். ஆறு மாசம் கழிச்சு வந்து "இந்த நம்பர்காரர் எங்க?"ன்னு தேடினா வீடு பூட்டிக் கிடக்கும்.

இன்னொன்னு, எங்க ஊர்ல மருந்தும் பங்கு போடற பொருள்தான். ஒருத்தருக்கு நல்லாக் கேட்டுச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரரும் ரெண்டு வாங்கிப் போட்டுப் பார்ப்பார். நீங்க சீட்டுப் போட்டு பிரிச்சு வச்சது அங்கயே கலங்கிப் போச்சு. மேல் வயல்ல விட்ட தண்ணி கீழ் வயலுக்குக் கசியற மாதிரி. அதனாலதான் பல ஆய்வுகள்ல ஆளை விட்டுட்டு ஊரையே சீட்டுப் போட்டுப் பிரிக்கறாங்க. இந்த ஊர் முழுக்க இது, அந்த ஊர் முழுக்க அது.

அப்படி ஒரு ஆய்வு எங்க திண்டுக்கல் மாவட்டத்துலயே நடந்துச்சு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பத்தினது. எங்க ஒட்டன்சத்திரம் பக்கத்துல இருக்கற அம்பிளிக்கை மருத்துவமனையும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் அதுல இருந்தாங்க. ஊர்களை 114 தொகுதியாப் பிரிச்சு, சீட்டு முறையில பாதிக்கு 57, பாதிக்கு 57. ஒரு பாதி ஊர்கள்ல 30 வயசுல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்களுக்கு, பயிற்சி எடுத்த நர்சுங்க சோதனை செஞ்சாங்க. சோதனை ரொம்ப எளிமை. நீர்த்த வினிகரைத் தடவிட்டு ஒரு நிமிசம் பொறுத்துப் பார்க்கணும். வெள்ளையாத் திட்டு தெரிஞ்சா அடுத்த கட்டப் பரிசோதனை, தேவைப்பட்டா சிகிச்சை. பெரிய லேப் வேண்டாம்.

2000த்துல இருந்து 2003 வரைக்கும் அந்த ஊர்கள்ல 49,311 பெண்கள்ல 31,343 பேர் சோதனைக்கு வந்தாங்க. 2007ல லான்செட் இதழ்ல முடிவு வந்துச்சு. சோதனை நடந்த ஊர்கள்ல இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால வர்ற சாவு 35 சதவீதமும் குறைவா இருந்துச்சு. ஒரே ஒரு தடவை செஞ்ச சோதனைக்கே இவ்வளவு. பின்னாடி தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகள்லயும் இந்த வினிகர் சோதனை வந்துச்சு.

ஆனா மறுபாதி ஊர்ப் பெண்கள்? அவங்களுக்கு வழக்கமா கிடைக்கற வைத்தியம் மட்டும்தான். முப்பதாயிரம் பேருக்கு மேல. இது சரியான்னு மருத்துவ உலகத்துலயே பெரிய விவாதம் நடந்துச்சு. "அப்ப அந்தப் பகுதியில சோதனையே யாருக்கும் கிடையாது, எதையும் நாங்க பறிக்கலை"ன்னு ஒரு பக்கம். "சோதனை உயிரைக் காப்பாத்தும்னு வெளிநாட்டுல தெரிஞ்ச விசயம்தானே, தெரிஞ்சும் எப்படி விட்டீங்க?"ன்னு இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டு பேச்சுலயும் நியாயம் இருக்கற மாதிரித்தான் படுது. விதையில பழைய ரகம் போட்ட பாத்தி நஷ்டமானா நாலு மூட்டை போகும். இங்க போறது மூட்டை இல்லை. அதனால மருந்து ஆய்வுல ரெண்டாவது பாத்திக்கு நாம பட்டிருக்கற கடன் பெருசு.

முடிவு நல்லா வந்தாத்தான் சொல்லணும்னும் இல்லைங்க. 1968ல அன்னைய செங்கல்பட்டு மாவட்டத்துல, இன்னைக்குத் திருவள்ளூர் பக்கம், பி.சி.ஜி. தடுப்பூசியை வச்சு ஒரு பெரிய ஆய்வு. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவங்களுக்கு, சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு மருந்து இல்லாத வெத்து ஊசி. 15 வருசம் வீடு வீடாப் பின்தொடர்ந்தாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கலைன்னு முடிவாச்சு. குழந்தைகளுக்கு வர்ற கடுமையான காசநோய்க்கு அது உதவும்ங்கறதால இன்னைக்கும் பிறந்த குழந்தைக்குப் போடறோம். "இல்லை"ங்கறதும் ஒரு வெளைச்சல்தான். அதைத் தெரிஞ்சுக்க அத்தனை லட்சம் பேர் கையை நீட்டியிருக்காங்க.

நம்பிக்கை கெட்டுப் போன கதையும் உண்டு. 2009ல அன்னைய ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துல 10ல இருந்து 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டாங்க. இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கானதுதான். பழங்குடிப் பிள்ளைகள் நிறையப் பேர். விடுதியில இருந்த பல பிள்ளைகளுக்குப் பெத்தவங்களுக்குப் பதிலா வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. சில பிள்ளைகள் இறந்ததும் பிரச்சினை வெடிச்சு 2010ல திட்டத்தை நிறுத்தினாங்க. அந்த இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லைன்னுதான் விசாரணைக் குழு சொன்னுச்சு. ஆனாலும் 2013ல நாடாளுமன்றக் குழு கையெழுத்து வாங்கின விதத்தைக் கடுமையாக் கண்டிச்சது. ஊசி நல்ல ஊசிதான். கேக்க வேண்டியவங்களைக் கேக்கலை. அதுக்கப்புறம் அந்த ஊசி மேலேயே பல பேருக்குப் பயம் வந்துடுச்சு.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு படிச்சேன்னா, எங்கம்மாவாலதான்.

சில வருசத்துக்கு முன்னாடி எங்க ஊருக்கு ஒரு ஆய்வுக் குழு வந்துச்சு. யாருன்னு இங்க வேண்டாம். பி.பி.க்கு ரெண்டு மருந்தைத் தனித்தனி மாத்திரையாத் தர்றதா, ஒன்னாச் சேர்த்து ஒரே மாத்திரையாத் தர்றதா, எதை மக்கள் ஒழுங்காப் போடறாங்கன்னு பார்க்கற ஆய்வு. நர்சம்மா கூட்டிக்கிட்டு வந்தாங்க. வந்த பையன் தங்கமானவன். திண்ணையில உக்காந்து அஞ்சாறு பக்கப் படிவத்தை அம்மாவுக்குப் பொறுமையாப் படிச்சுக் காட்டினான். தமிழ்தான். ஆனா "பங்கேற்பாளர் எவ்வேளையிலும் விலகிக்கொள்ளும் உரிமையுடையவர்"ங்கற மாதிரித் தமிழ். அம்மா முழுசும் கேட்டுட்டு மூனு கேள்வி கேட்டாங்க.

"மாத்திரைக்குக் காசு கேப்பீங்களா கண்ணு?"

"இல்லீங்கம்மா, ஃப்ரீதான்."

"நடுவுல எனக்கு முடியாதுன்னு நின்னுக்கிட்டா, ஆஸ்பத்திரிக்கு வந்தா திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்கம்மா. எப்பவும் போல பார்ப்பாங்க."

"கடைசியில எது நல்லதுன்னு எனக்கும் வந்து சொல்லுவீங்களா?"

அந்தப் பையன் ஒரு நிமிசம் யோசிச்சான். "சொல்லுவோங்கம்மா"ன்னான். அம்மா கைநாட்டு வைக்கலை, கையெழுத்தே போட்டாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க.

கம்ப்யூட்டர் சீட்டுல அம்மாவுக்கு ரெட்டை மாத்திரை. பக்கத்து வீட்டுச் சின்னம்மாவுக்கு ஒத்த மாத்திரை. ரெண்டு பேருக்கும் தினமும் இதே பேச்சு. "உனக்கு ஒன்னுல முடிஞ்சிருது, எனக்கு ரெண்டு"ன்னு. மாத்திக்கலாமான்னு கேட்டதுக்கு அந்தப் பையன், "மாத்தினா எது நல்லதுன்னு கண்டுபிடிக்கவே முடியாதுங்கம்மா"ன்னு சொன்னான். அம்மாவுக்கு அது உடனே புரிஞ்சுது. "ரெண்டு விதையும் கலந்து போச்சுன்னா எந்த ரகம்னு எப்படித் தெரியும்?"னு சின்னம்மாவுக்கு அவங்களே விளக்கம் சொன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் தவறாம போட்டாங்க. தனக்காக மட்டும் இல்லை, கணக்கு கெட்டுடக் கூடாதுன்னு.

மூனு மாசத்துக்கு ஒருக்கா வந்து பி.பி. பார்த்தாங்க, மாத்திரை எண்ணினாங்க. அப்புறம் ஒரு நாள், "இதோட முடிஞ்சுதுங்கம்மா, இனிமே அரசு ஆஸ்பத்திரி மாத்திரையே போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவ்வளவுதான். யாரும் வரலை. இப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே மாத்திரை வருது, அதுல குறை இல்லை. ஆனா மாத்திரை கொண்டு வர்ற பொண்ணுகிட்ட அம்மா இன்னமும் கேக்கறாங்க. "ஒன்னா ரெண்டா, எதும்மா ஜெயிச்சுது?" அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும் பாவம்.

சின்னம்மா போன வருசம் தவறிட்டாங்க. வயசாகி, வேற காரணத்துல. அவங்க ஒத்த மாத்திரை போட்டு என்ன தெரிஞ்சுதுன்னு தெரியாமலே போயிட்டாங்க. அம்மாவுக்கு அது ஒரு குறையாவே இருக்கு.

இது ஏதோ நாங்க கேக்கற சலுகை இல்லைங்க. உலக மருத்துவச் சங்கம் 1964ல ஹெல்சிங்கியில ஒரு பிரகடனம் போட்டுச்சு. மனுசங்களை வச்சு நடத்தற ஆராய்ச்சிக்கு அதுதான் வேதம் மாதிரி. அதைப் பல தடவை திருத்தியிருக்காங்க. கலந்துக்கிட்டவங்களுக்கு ஆய்வோட பொதுவான முடிவைத் தெரிஞ்சுக்கற வாய்ப்பைக் கொடுக்கணும்னு 2013 திருத்தத்துல இருக்கு. நம்ம நாட்டுல 2009ல இருந்து ஒவ்வொரு மருந்து ஆய்வையும் முன்கூட்டியே பொதுப் பதிவேட்டுல பதியணும். அந்தப் பதிவேடு இன்டர்நெட்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு. அஞ்சாவது படிச்ச எங்கம்மாவுக்கு அது நிலாவுல இருக்கற மாதிரி.

உங்கள்ல சில பேர் ஆஸ்பத்திரியில, மருந்துக் கம்பெனியில, ஆய்வு டேட்டா பார்க்கற ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க ஸ்க்ரீன்ல ஓடற ஒரு நம்பர் எங்கம்மாவா இருக்கலாம். உங்ககிட்ட ஒன்னுதான் கேக்கறேன். ஆய்வுக்குப் பட்ஜெட் போடறப்பவே, கடைசியில ஊருக்குத் திரும்பி வர்ற செலவையும் ஒரு வரியாச் சேர்த்துடுங்க. சேர்க்காம விட்டா பணம் தீர்ந்த அன்னைக்கு ஊரும் மறந்துடும்.

பெருசா ஒன்னும் வேண்டாம். கிராம சபை வருசத்துக்கு ஆறு தடவை கூடுது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல பத்து நிமிசம் போதும். "உங்க ஊர்ல இத்தனை பேர் சேர்ந்தாங்க, இதைப் பார்த்தோம், இது நல்லா இருந்துச்சு, இது சரியா வரலை, இனி இதைச் செய்யப் போறோம்"னு எங்க பேச்சுத் தமிழ்ல சொல்லுங்க. கேள்வி கேப்போம், பதில் சொல்லுங்க. முடிவு ஒன்னுமே தேறலைன்னாலும் வாங்க. சாவி போன கதிரையும் வயல்விழாவுல பார்த்தவங்கதான் நாங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

பந்தலும் டீயும் எங்க செலவு.